அணியைத் தெரிவோர் கடன்

(ஊர் விளையாட்டுக் கழகமொன்றின் ஆண்டு விழாவில், முன்னாள் உதைபந்தாட்டப் பயிற்றுநர் ஒருவர் ஆற்றிய உரை)



உதைபந்தாட்டத்தின் நுட்பங்களை எடுத்துக் கூற என்னினும் வல்லார் பலர் இச்சபையில் உளர். ஆதலின், ஆட்டம் தொடங்குமுன்னரே நடந்து முடிந்துவிடும் காரியம் ஒன்றைப் பற்றியே பேச விரும்புகின்றேன். பதினொருவரைத் தெரிந்தெடுப்பதே அக்காரியம்.

என் குற்றம் ஒன்றை ஒப்புக்கொண்டு தொடங்குகின்றேன். பல்லாண்டுகளுக்கு முன் ஓர் அணியைத் தெரியும் பொறுப்பு என்னிடம் இருந்தது. இறுதிப் போட்டியிலே முன்வரிசையில் ஓர் இடத்துக்கு இருவர் இருந்தனர். ஒருவன் என் தமக்கையின் மகன். மற்றவன் ஒரு கமக்காரரின் மகன். விடியுமுன் தந்தையோடு துலா மிதித்துவிட்டுப் பயிற்சிக்கு ஓடி வருபவன். ஆட்டத்தில் அவனே வல்லவன். நான் என் மருமகனைச் சேர்த்தேன். “ஏன் ஐயா என்னை விட்டீர்கள்?” என்று அவன் கேட்டபோது, மறுமொழி கூற எனக்கு நா எழவில்லை. அப்போட்டியில் நாம் வென்றோம். கிண்ணத்தைக் கண்டோர் என் தெரிவைப் புகழ்ந்தனர். அந்தப் பிள்ளையோ அதன்பின் மைதானத்தை மிதிக்கவேயில்லை.

அன்பர்களே! இக்குறை நம்மூருக்கு மட்டும் உரியதன்று. உதைபந்தாட்டத்துக்கு விதி வகுத்த இங்கிலாந்தையே பாருங்கள். 1946 முதல் 1962 வரை தேசிய அணியின் முகாமையாளராக இருந்தவர் வோல்டர் வின்டர்பொட்டம். பெயர் முகாமையாளர்; அணியைத் தெரியும் அதிகாரமோ சங்கத்துக் குழுவினரிடம் இருந்தது. குழுவினர் தத்தம் கழகத்து ஆட்டக்காரருக்கே பரிந்து பேசுகின்றனர் என்ற குறைகூறல் நெடுங்காலம் நிலவியது. 1950ஆம் ஆண்டு உலகக் கிண்ணப் போட்டிக்கு, கிறிம்ஸ்பி நகரத்து மீன் வணிகரான ஆர்தர் ட்றூறி என்பவரே தெரிவாளராகச் சென்றார். பிரேசில் நாட்டின் பெலோ ஒரிசொந்தே நகரில், ஸ்டான்லி மத்தியூஸ் என்னும் மாபெரும் வீரர் ஆடாது வெளியே இருக்க, அமெரிக்காவிடம் இங்கிலாந்து 0–1 என்ற கணக்கில் தோற்றது. தோல்விக்கு யார் பொறுப்பு? தெரிந்தவர் பயிற்றவில்லை, பயிற்றியவர் தெரியவில்லை.

அன்று தோற்ற அணியில் ஆடியவருள் ஒருவர் அல்ப் ராம்சே. பின்னர் முகாமையாளர் பதவி அவரை நாடி வந்தபோது, அணியைத் தெரியும் முழு அதிகாரமும் தமக்கே வேண்டும் என்று கேட்டுப் பெற்றார். 1966இல் புகழ்பெற்ற கோல் வீரரான ஜிம்மி கிறீவ்ஸ் காயமுற்றார். அவரிடத்தில் ஆடிய ஜெப் ஹேர்ஸ்ட் நன்கு ஆடினார். கிறீவ்ஸ் குணமடைந்த பின்னரும், வென்றுவந்த அணியைக் கலைக்க ராம்சே இசையவில்லை. இறுதிப் போட்டியில் ஹேர்ஸ்ட் மூன்று கோல்கள் அடித்தார். மேற்கு ஜேர்மனியை இங்கிலாந்து 4–2 என வென்றது.

அவ்வாறாயின், அதிகாரம் ஒருவர் கையில் இருந்தால் பாரபட்சம் ஒழிந்துவிடுமா? ஒழியாது. என் கையிலும் முழு அதிகாரம் இருந்ததன்றோ!

1982இல் இத்தாலிய முகாமையாளர் என்சோ பெயர்சொட், பந்தய ஊழல் வழக்கில் இரண்டு ஆண்டுத் தடை பெற்று அப்போதுதான் மீண்டிருந்த பவோலோ றொசியைச் சேர்த்தார். உள்நாட்டு முதற்பிரிவில் அதிக கோல் அடித்த றொபேர்ட்டோ புறுட்சோவை விட்டுவிட்டார். முதல் நான்கு ஆட்டங்களிலும் றொசி ஒரு கோலும் அடிக்கவில்லை. கண்டனம் மழையாகப் பொழிந்தது. ஐந்தாவது ஆட்டத்தில் பிரேசிலுக்கு எதிராக அவர் மூன்று கோல்கள் அடித்தார். இத்தாலி கிண்ணத்தையும் வென்றது. பிரேசிலிடம் தோற்றிருந்தால் பெயர்சொட்டின் தெரிவைப் பாரபட்சம் என்றே உலகம் தூற்றியிருக்கும். எனவே, வெற்றி தோல்வி கொண்டு ஒரு தெரிவின் நேர்மையை அளக்க முடியாது. நான் வென்றேன்; ஆயினும் குற்றவாளியே.

பின் எதைக் கொண்டு அளப்பது? 1978 உலகக் கிண்ணத்தில் றொசியின் ஆட்டத்தைப் பெயர்சொட் நேரிற் கண்டிருந்தார். அவர் கொண்ட நம்பிக்கைக்கு ஆட்டத்திலேயே ஓர் ஆதாரம் இருந்தது. விடுபட்டவன் முகத்தைப் பார்த்து எடுத்துரைக்கக்கூடிய காரணம் அது. என்னிடம் இருந்ததோ உறவுமுறை ஒன்றே. அதை எந்த வாயால் அப்பிள்ளையிடம் சொல்வேன்?

விதைநெல் தெரியும் கமக்காரன், இது மைத்துனன் வயலில் விளைந்தது என்று பதரை எடுப்பதில்லை. அணியைத் தெரிவோரே! உங்கள் பிள்ளையோ மருமகனோ போட்டியிடும் இடத்துக்கு, தெரிவைப் பிறரிடம் விட்டு விலகி நில்லுங்கள். விடுபட்டவனை அழைத்துக் காரணத்தைச் சொல்லுங்கள். இளைஞர்களே! காரணம் கேட்க அஞ்சாதீர்கள். ஆயின், நேர்மையான காரணம் கூறப்பட்டால், கசந்தாலும் அதை ஏற்று மறுநாளும் பயிற்சிக்கு வாருங்கள்.

நான் இழந்தது ஓர் ஆட்டக்காரனை. அவன் இழந்தது பெரியவர்கள் மீது கொண்டிருந்த நம்பிக்கையை. அவ்விழப்பை ஈடுசெய்ய எந்தக் கிண்ணமும் போதாது.