நாலரை அடியில் ஒரு கூட்ஸ் யார்டு

(பணிநிறைவை நெருங்கும் ஆசிரியர்களுக்கான ஒருநாள் கூட்டத்தில், ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



காலையிலிருந்து ஓய்வூதியக் கருத்துரு, வருங்கால வைப்பு நிதி, விடுப்புச் சரண் என்று உங்களுக்கு உடனடியாகத் தேவைப்படும் செய்திகளையெல்லாம் கேட்டுவிட்டீர்கள். சாப்பாட்டுக்குப் பிறகான நேரத்தை எனக்குத் தந்திருக்கிறார்கள். தூக்கம் வந்தால் தூங்கலாம். முப்பத்து நான்கு வருடம் ஐந்தாம் பாடவேளை எடுத்தவன் நான், எனக்குப் பழக்கம்தான்.

என் பொழுதுபோக்கு மாதிரி ரயில். இதைச் சொன்னதும் "பொம்மை ரயிலா சார்?" என்று கேட்பார்கள். ஆமாம் என்றே சொல்லிவிடுவேன். வாக்குவாதம் செய்வதில்லை. ஆனால் ஆசிரியர்களாகிய உங்களிடம் அந்தப் பொம்மையின் கணக்கைக் கொஞ்சம் சொல்லாமல் போக மாட்டேன்.

நான் பிறந்து வளர்ந்தது விழுப்புரத்தில். சென்னை, திருச்சி, மயிலாடுதுறை, காட்பாடி, புதுச்சேரி என்று ஐந்து பக்கம் தண்டவாளம் பிரியும் ஊர். என் சிறுவயதில் அது மீட்டர்கேஜ். சென்னையிலிருந்து மின்சார என்ஜின் இழுத்து வரும் வண்டி, விழுப்புரத்தில் நின்று என்ஜினை மாற்றும். மின்கம்பி அதோடு முடிந்துவிடும். அதற்கு மேல் டீசலோ நீராவியோதான். கப்ளிங் கழற்றுவது, என்ஜின் தனியாகப் போவது, வேறொன்று பின்னோக்கி வந்து "டக்" என்று பூட்டிக்கொள்வது, இதைப் பார்ப்பதற்காகவே பள்ளி விட்டதும் ஸ்டேஷனுக்கு ஓடியவர்கள் நாங்கள் நாலைந்து பேர். மற்றவர்கள் வளர்ந்துவிட்டார்கள்.

வேலைக்கு வந்து, வீடு கட்டி, மொட்டை மாடியில் தகரக் கொட்டகை போட்டு, அதில் பதினான்கு அடிக்கு எட்டடி பலகையில் என் ரயில்வேயை அமைத்தேன். இருபத்திரண்டு வருடம் அது வளர்ந்தது. ஸ்டேஷன் கட்டடம் பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் செய்தது. பிளாட்பாரக் கூரையின் தூண்கள் தீர்ந்துபோன ரீஃபில்கள். ஜல்லி, சலித்த ஆற்று மணல். தண்ணீர் கலந்த ஃபெவிகாலைச் சொட்டுச் சொட்டாக விட்டு ஒட்டியது. காய்ந்த துளசிக் குச்சிகள் அருமையான மரங்கள் ஆகும். நீராவி என்ஜினின் கொதிகலன் எலக்ட்ரிக்கல் பைப்பில் வெட்டியது. அது ஓடாது, நிற்கும். ஓடுகிற என்ஜின்கள் வாங்கியவை. அவற்றின் விலையைப் பற்றி என் மனைவி இல்லாத இடத்தில்தான் பேசுவேன்.

இப்போது அந்தக் கணக்கு. உலகில் அதிகம் புழங்கும் அளவு எச்.ஓ. எனப்படுவது. 87 மடங்கு சிறியது. 'ஓ' என்ற பழைய அளவில் பாதி என்பதால் அந்தப் பெயர். தண்டவாள இடைவெளி 16.5 மில்லிமீட்டர். இதை 87-ஆல் பெருக்கிப் பாருங்கள், 1435 மில்லிமீட்டர் வரும். ஐரோப்பாவின் அகலம் அது. நம் அகலப்பாதை 1676. எனவே நம் நாட்டு என்ஜின் மாதிரி சரியாக நிற்க வேண்டுமானால் 19.26 மில்லிமீட்டர் வேண்டும். கடையில் அது கிடையாது. ஆகவே நம்மில் பெரும்பாலோர் ஐரோப்பியத் தண்டவாளத்தில்தான் இந்திய என்ஜினை ஓட்டுகிறோம். பார்ப்பவர் யாரும் கண்டுபிடிப்பதில்லை. ஓட்டுபவருக்கு மட்டும் உறுத்தும்.

நீளத்துக்கு 87 என்றால் எடைக்கு 87-இன் மூன்றாம் படி. ஆறரை லட்சத்துக்கும் மேல். 112 டன் மின்சார என்ஜின் இந்தக் கணக்கில் வெறும் 170 கிராம். அந்த எடையில் சக்கரம் வழுக்கும், பெட்டிகளை இழுக்காது. அதனால் உள்ளே ஈயத் துண்டு வைத்து எடையைக் கூட்டுகிறோம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகம் என்பது மேசையில் விநாடிக்கு 19 சென்டிமீட்டர். குழந்தைகள் கையில் கண்ட்ரோலரைக் கொடுத்தால் ராக்கெட் வேகத்தில் விடுவார்கள். 19 சென்டிமீட்டரை ஸ்கேலில் குறித்து, கடிகாரத்தைப் பார்த்து ஓட்டச் சொன்னால் விகிதம், வேகம் இரண்டும் ஒரே நாளில் முடிந்துவிடும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பணிநிறைவு பெற்ற மறு வருடம் சென்னைக்கு இடம் மாறினோம். என் மனைவிக்கு முழங்கால் மோசம். மாடிப்படி ஏற முடியாது, மருத்துவமனை பக்கத்தில் வேண்டும். மகன் வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் உண்டு. முடிவு சரியான முடிவு. இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் அந்த வீட்டில் எங்களுக்குக் கிடைத்த அறை பத்துக்குப் பதினொன்று. அதிலும் பாதி பேத்தியின் படிப்பு மேசை.

அந்த அறையில் என்ன ஓடும் என்று பாருங்கள். ஒரு பயணிகள் பெட்டி சுமார் 22 மீட்டர். மாதிரியில் 25 சென்டிமீட்டர். இருபது பெட்டி வண்டி ஐந்து மீட்டர். அறையைவிட ரயில் நீளம். வளைவு இன்னும் மோசம். நம் அகலப்பாதையில் அனுமதிக்கப்படும் மிகக் கூர்மையான வளைவின் ஆரம் 175 மீட்டர். அதை 87-ஆல் வகுத்தால் இரண்டு மீட்டர். ஒரு வட்டம் சுற்றி வர நான்கு மீட்டர் அகலம் தேவை. கடையில் விற்கும் 18 அங்குல வளைவை நிஜ அளவுக்குப் பெரிதாக்கினால் 40 மீட்டர்தான் வரும். நிஜ எக்ஸ்பிரஸ் அதில் திரும்பவே முடியாது. அந்தப் பொய்யை ஏற்றுக்கொண்டாலும் நாலடி அகல மேசை வேண்டும். கட்டில் எங்கே போவது?

மாடியைக் கழற்ற பதினோரு நாள் ஆனது. பலகை, வட்டப்பாதை, டிரான்ஸ்ஃபார்மர் எல்லாம் நான் வேலை பார்த்த பள்ளிகளில் ஒன்றின் அறிவியல் அறைக்குப் போயின. என்ஜின்களும் வேகன்களும் மூன்று அட்டைப் பெட்டிகளில் சென்னைக்கு வந்தன. ஸ்டேஷன் கட்டடத்தைக் கொடுக்க மனம் வரவில்லை. அது இப்போது ஃபிரிட்ஜ் மேல் இருக்கிறது. மருமகள் ஒன்றும் சொல்லவில்லை. வாரம் ஒருமுறை தூசு தட்டுகிறாள்.

பெட்டிகளை ஏழு மாதம் திறக்கவில்லை. இதை நான் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்களில் பலர் பிள்ளைகள் இருக்கும் ஊருக்குப் போகப் போகிறீர்கள். ஊரில் கடைத்தெருவுக்குப் போனால் பத்து பேர் "வணக்கம் சார்" என்பார்கள். இங்கே நான் 'மூணாவது மாடி தாத்தா'. தவறாக ஒன்றும் இல்லை, மரியாதையாகத்தான் கூப்பிடுகிறார்கள். ஆனால் காலை நடை, நாளிதழ், பேத்தியைப் பள்ளி வேனில் ஏற்றுவது, அதற்குப் பிறகு மணி ஒன்பதுதான் ஆகியிருக்கும். ஒருநாள் என் மனைவி சொன்னாள்: "என்னங்க, நீங்க ஒரு நாளைக்கு எத்தனை வார்த்தை பேசுறீங்கன்னு எண்ணிக்கிட்டு வரேன். நேத்து நாப்பது தாண்டலை." அவள் கணக்கு ஆசிரியை. எண்ணியிருப்பாள்.

அந்த வாரம்தான் சிறிய இடத்துக்கு என்ன செய்கிறார்கள் என்று தேடினேன். ஆலன் ரைட் என்ற ஆங்கிலேயர் உருவாக்கிய ஒரு சிறிய அமைப்பு உண்டு. 'இங்கிள்நுக்' என்று பெயர். வட்டமே கிடையாது. ரயில் எங்கும் போகாது. ஒரு ஷண்டிங் யார்டு, அவ்வளவுதான். மூன்று லைன். ஒன்றில் ஐந்து வேகன் நிற்கும், மற்ற இரண்டில் மும்மூன்று. இரண்டு பாயின்ட். முன்பக்கம் என்ஜினும் மூன்று வேகனும் மட்டும் நிற்கக்கூடிய ஒரு நீட்டல். மொத்தம் எட்டு வேகன். சீட்டுக் குலுக்கி ஐந்தை எடுக்க வேண்டும். சீட்டு வந்த அதே வரிசையில் அந்த ஐந்தையும் கோத்து வண்டியாக்க வேண்டும். கையால் தூக்கக் கூடாது. என்ஜின் தள்ளியும் இழுத்தும்தான் செய்ய வேண்டும்.

கேட்க எளிது. எட்டு, ஏழு, ஆறு, ஐந்து, நான்கு என்று பெருக்குங்கள்: 6720 விதமான வண்டிகள். தினம் ஒன்று செய்தாலும் பதினெட்டு வருடத்துக்கு மேல் ஆகும். என் வயதுக்கு அது போதும்.

நாலரை அடி நீளம், ஓரடி அகலம். நடுவில் பிரித்து இரண்டு பலகையாக்கி, போல்ட் போட்டு இணைத்தேன். வேலை முடிந்ததும் பிரித்துப் பரணில் வைத்துவிடலாம். பேத்தி பெரியவளாகி அறை முழுவதும் அவளுக்கு வேண்டியிருக்கும்; அன்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்குப் போய்விடலாம். இடம் மாறுகிறவர்களுக்கு நான் சொல்லும் ஒரே தொழில்நுட்ப ஆலோசனை இது: கழற்ற முடியாதபடி எதையும் ஆணி அடிக்காதீர்கள்.

சென்னைக் காற்று தண்டவாளத்துக்கு ஆகாது. இரண்டு தண்டவாளங்களிலும் 12 வோல்ட் நேர்திசை மின்சாரம் ஓடுகிறது. சக்கரம் வழியாகத்தான் மோட்டாருக்குப் போகிறது. ஈரமும் தூசும் சேர்ந்து ஒரு கருப்புப் படலம் படியும், என்ஜின் விக்கி விக்கி நிற்கும். ஊரில் மாதம் ஒருமுறை துடைத்தது இங்கே நாலு நாளுக்கு ஒருமுறை ஆயிற்று. நம் பள்ளி ரப்பரால் மெதுவாகத் தேய்த்தால் போதும். உப்புத்தாள் போடக் கூடாது. கீறல் விழும், கீறலில் அழுக்கு இன்னும் அதிகம் பிடிக்கும்.

பேத்தி அப்போது நாலாம் வகுப்பு. இரண்டே வாரத்தில் என்னைவிடக் குறைந்த நகர்த்தல்களில் முடிக்கத் தொடங்கினாள். "தாத்தா, செவப்பு வண்டிய மொதல்ல ஒளிச்சு வெச்சுடணும்" என்பாள். உத்தி என்றால் அதுதான். பிறகு குடியிருப்பின் வாட்ச்மேனுடைய மகன் வந்தான். மாநகராட்சிப் பள்ளியில் எட்டாம் வகுப்பு. தண்ணீர் கேன் தூக்கி வந்தவன் வாசலிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தான். உள்ளே வா என்றேன்.

அப்போது எனக்கு ஒரு தலைவலி இருந்தது. சின்ன என்ஜின் இரண்டாவது பாயின்ட்டில் ஒவ்வொரு முறையும் நின்றது. வயரிங் முழுவதையும் மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டேன், எல்லாம் சரி. அவன் தரையில் உட்கார்ந்து, கண்ணைத் தண்டவாள மட்டத்துக்குக் கொண்டுபோய், என்ஜினை விரலால் தள்ளிப் பார்த்தான். "சார், சக்கரம் பிளாஸ்டிக் மேல நிக்குது" என்றான். தண்டவாளங்கள் குறுக்கிடும் முனை அந்த வகைப் பாயின்ட்டில் பிளாஸ்டிக். பெரிய என்ஜினுக்குச் சக்கரங்கள் தள்ளித் தள்ளி இருப்பதால் ஏதாவது ஒன்று உலோகத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும். சின்னதற்குத் தொடாது. வேறு வகைப் பாயின்ட் வாங்கிப் போட்டோம்.

அதன் பிறகு சனிக்கிழமைதோறும் வருவான். எனக்கு ஒரு கண்ணில் புரை அறுவை சிகிச்சை ஆகியிருந்தது. விரல்களில் லேசான நடுக்கமும் உண்டு. சால்டரிங் வேலை முழுவதும் அவன் கைக்குப் போய்விட்டது. ஒருநாள் ஒரு கேள்வி கேட்டேன். தண்டவாளத்தை வளைத்து, தன்னோடு தானே வந்து சேருமாறு ஒரு கண்ணி போட்டால் என்ன ஆகும்? பேப்பரில் இரண்டு நிறத்தில் வரைந்தான். சிவப்புக் கோடு சுற்றி வந்து கருப்பில் முட்டியது. "ஷார்ட் ஆயிடும் சார்" என்றான். முப்பத்து நான்கு வருடம் மின்சுற்றுப் பாடம் நடத்தியிருக்கிறேன். அப்படிப் பதில் சொன்ன முகங்கள் எனக்கு நினைவில் இருக்கின்றன, அதிகம் இல்லை. வானவில் மன்றம் நடத்துகிற ஆசிரியர்கள் இங்கே இருந்தால் அந்தக் கண்ணியை முயன்று பாருங்கள். இரண்டு நிற நூலும் ஒரு பலகையும் போதும்.

இரண்டு வருடம் வந்தான். சென்ற ஜூனில் அவன் அப்பாவுக்கு ஆவடிப் பக்கம் வேறு வேலை கிடைத்தது. குடும்பத்தோடு போய்விட்டார்கள். இப்போது பத்தாம் வகுப்பு. பழைய கண்ட்ரோலர் ஒன்றையும் சால்டரிங் கம்பியையும் கொடுத்தனுப்பினேன். பொங்கலுக்கு வந்தான், சாப்பிட்டான், ஒரு வண்டி கோத்தான். இனி அடிக்கடி வர முடியாது, பொதுத்தேர்வு. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு இன்னும் வாசல் மணி அடிக்கிற மாதிரி இருக்கும். என் மனைவிக்கும்தான்.

சால்டரிங்கை நானே மறுபடி செய்யப் பார்க்கிறேன். கையை மேசை விளிம்பில் ஊன்றிக்கொண்டு, தலையில் மாட்டும் பூதக்கண்ணாடி போட்டுக்கொண்டால் காலை நேரத்தில் நடுக்கம் குறைவாக இருக்கிறது. ஒரு இணைப்புக்கு முன்பு ஒரு நிமிடம், இப்போது பத்து. ஓய்வுபெற்றவனுக்கு நிமிடத்துக்குப் பஞ்சமில்லை. மின்சார என்ஜின் கழற்றுகிற அந்தப் பழைய விழுப்புரம் பிளாட்பாரத்தை ஓரடிப் பலகையில் கொண்டுவர முடியுமா என்று இப்போது வரைந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஃபிரிட்ஜ் மேல் இருக்கும் கட்டடம் நாலு சென்டிமீட்டர் நீளம் அதிகம். அதை வெட்டுவதா, பலகையை நீட்டுவதா என்று வீட்டில் பேச்சு நடக்கிறது. பேத்தி வெட்டக் கூடாது என்கிறாள்.

எனக்குத் தந்த நேரம் முடியப் போகிறது. பின்வரிசை மேசையில் இரண்டு பலகைகளையும் பூட்டி வைத்திருக்கிறேன். எட்டு வேகன், சீட்டுகள் ஒரு சாக்பீஸ் பெட்டியில். தேநீர் இடைவேளை பதினைந்து நிமிடம். இருவர் இருவராக வாருங்கள். என் பேத்தியின் கணக்கு இருபத்தோரு நகர்த்தல். கையால் தூக்கக் கூடாது.