வீடா, பள்ளியா? உழைக்கும் பெற்றோர் முன் நிற்கும் கேள்வி

(அல்சூரில் பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

பள்ளி திறக்கும் மாதம் நெருங்கினால் நம் வீடுகளில் ஒரு வழக்கு நடக்கிறது. சர்க்கார் பள்ளியில் சேர்த்தால் பிள்ளை கன்னடம் படித்துத் தமிழை மறந்துவிடும் என்கிறார் பாட்டி. சர்ச் பள்ளியில் இங்கிலீஷ் வரும், ஆனால் நம் சாமியை மறந்துவிடுவான், கட்டணமும் தாங்காது என்கிறார் மாமா. இப்போது மூன்றாவது குரலும் கேட்கிறது: "எந்தப் பள்ளியும் வேண்டாம். வீட்டிலேயே சொல்லிக் கொடுத்துப் பரீட்சை மட்டும் எழுத வைத்தால் போதாதா?"

இந்தக் குரலை ஏளனம் செய்ய நான் வரவில்லை. கட்டணக் கொடுமையும், பள்ளியில் விழும் அடியும், பிள்ளை வழிமாறிப் போகுமோ என்ற பயமும் அதன் பின்னே இருக்கின்றன. ஆகவே மூன்று வழிகளையும் தராசில் வைத்துப் பார்ப்போம்.

முதலில் சட்டம். 2009-ல் நிறைவேறி 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயது வரை இலவசக் கல்வி பிள்ளையின் உரிமை என்கிறது. பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது அதன் 10-ஆவது பிரிவு. ஆனால் சேர்க்காத பெற்றோருக்கு அச்சட்டத்தில் தண்டனை இல்லை. அதனால் வசதியுள்ள குடும்பங்கள் சில, பிள்ளைகளை வீட்டிலேயே படிக்க வைத்து, 14 வயதானதும் தேசியத் திறந்தநிலைப் பள்ளியின் பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு அனுப்புகின்றன. அமெரிக்காவில் எல்லா மாநிலங்களும் வீட்டுக் கல்வியை அனுமதிக்கின்றன. ஜெர்மனியிலோ பள்ளிக்குப் போயே தீரவேண்டும்.

அந்தக் குடும்பங்களால் முடிவது நம்மால் முடியுமா? வீட்டுக் கல்விக்கு முதல் தேவை, பகலெல்லாம் வீட்டில் இருக்கக்கூடிய படித்த ஒருவர். நம் வீட்டில் யார் இருக்கிறார்? தகப்பன் விடியலில் சென்ட்ரிங் வேலைக்குப் போகிறார். தாய் நாலு வீட்டுப் பாத்திரம் தேய்க்கப் போகிறாள். மிஞ்சுவது பத்துக்குப் பத்து அறையும் பூட்டும்தான்.

இதற்குச் சான்று தேடி வெகுதூரம் போக வேண்டாம். கொரோனா காலத்தில் 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள், இந்த மாநிலத்தில் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்புவரை 2021 அக்டோபர் 25-ல்தான் திறந்தன. பத்தொன்பது மாதம்! கைபேசியில் பாடம் என்றார்கள். வீட்டிலிருந்த ஒரே கைபேசி அப்பாவோடு வேலைக்குப் போனது. பிள்ளைகள் கற்ற எழுத்தையும் மறந்தார்கள். பள்ளியில் கிடைத்த சூடான மதிய உணவும் நின்றது. மேல்தட்டுக்கு விடுமுறைபோல் இருந்த வீட்டுக் கல்வி, நமக்குக் கல்வியே இல்லாத காலமாக முடிந்தது.

தாய்மார்களே, இன்னொன்றையும் மனம் திறந்து பேசுவோம். "பெண் வீட்டிலிருந்து படிக்கிறாள்" என்று சொல்கிறோம். பல வீடுகளில் அதற்குப் பொருள் என்ன? தம்பியைத் தூக்குகிறாள், தண்ணீர் பிடிக்கிறாள், சோறு ஆக்குகிறாள். குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016 திருத்தம்கூட, 14 வயதுக்குட்பட்ட பிள்ளை குடும்பத் தொழிலில் உதவுவதைப் பள்ளி நேரத்துக்குப் பிறகும் விடுமுறையிலும்தான் அனுமதிக்கிறது. வீட்டுக் கல்வி என்ற பெயரில் முதலில் படிப்பை இழப்பவள் மூத்த பெண்தான்.

அடுத்து, மதம் சார்ந்த பள்ளிகள். சாதி சொல்லித் துரத்தப்பட்ட பிள்ளைகளுக்குக் கதவு திறந்தவற்றுள் மிஷன் பள்ளிகள் முக்கியமானவை. அந்த நன்றியை மறக்கக்கூடாது. ஆனால் உரிமையை அறிந்து சேருங்கள். அரசு அங்கீகாரமோ மானியமோ பெற்ற பள்ளியில், பெற்றோர் சம்மதமின்றிப் பிள்ளையை மதபோதனையிலோ வழிபாட்டிலோ ஈடுபடுத்தக்கூடாது என்கிறது அரசமைப்பின் 28-ஆவது பிரிவு. வேதபாடசாலைக்கும் மதரசாவுக்கும் கல்வி உரிமைச் சட்டம் பொருந்தாது என்று 2012-ல் திருத்தம் வந்தது. அங்கே அனுப்புவோர், கணக்கும் அறிவியலும் எங்கே கற்பான் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். பக்தியை வீட்டிலும் ஊட்டலாம். அறிவியலை ஊட்ட நம் வீட்டில் ஆளில்லை.

இனி அரசுப் பள்ளி. இங்கே நம்மைத் தடுப்பது மொழிப் பயம். 1982-ல் கோகாக் கிளர்ச்சி நடந்த நாள்முதல் அந்தப் பயம் நம்மிடம் குடியிருக்கிறது. ஆனால் 2015-ல் நிறைவேறிய கன்னட மொழி கற்றல் சட்டம், ஒன்று முதல் பத்தாம் வகுப்புவரை எல்லாப் பள்ளிகளிலும் கன்னடப் பாடத்தைப் படிப்படியாகக் கட்டாயமாக்கியது. கன்னடத்துக்குப் பயந்து கான்வென்ட்டுக்கு ஓடுவதில் பொருளில்லை. ஆஸ்பத்திரியிலும் காவல் நிலையத்திலும் கூலிப் பேச்சிலும் ஏமாறாமல் இருக்கக் கன்னடம் நம் பிள்ளைக்கு வேண்டும். தமிழோ? ஆரம்பக் கல்வியைத் தாய்மொழியில் தர மாநிலங்கள் முயல வேண்டும் என்கிறது 1956-ல் சேர்ந்த 350-அ பிரிவு. எட்டும் தூரத்தில் அரசுத் தமிழ்வழிப் பள்ளி இருந்தால் நிரப்புங்கள். பிள்ளையில்லாத பள்ளியை எந்த அரசும் நடத்தாது. இல்லையெனில் மாலையில் ஒரு மணி நேரம் நாமே தமிழ் சொல்லித் தருவோம். வீட்டுக் கல்விக்கு உண்மையான இடம் அதுதான்.

அல்சூர் ஏரிக்கரையில் வள்ளுவர் சிலை 1991 முதல் பதினெட்டு ஆண்டுகள் மூடிக் கிடந்தது. 2009 ஆகஸ்ட் 9-ல் அது திறக்கப்பட்டது. நான்கு நாளில் சென்னையில் கன்னடக் கவி சர்வக்ஞர் சிலை திறந்தது. இரு மொழிக்கும் இடம் கொடுத்தபோதுதான் வள்ளுவர் வெளிச்சத்துக்கு வந்தார். நம் பிள்ளைக்கும் அதுவே வழி.

அரசுப் பள்ளியில் குறையில்லை என்று நான் சொல்லவில்லை. குறையைத் தீர்க்கும் கருவி நம் கையில் இருக்கிறது. பள்ளி நிர்வாகக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதி பெண்கள் இருக்க வேண்டும் என்கிறது 21-ஆவது பிரிவு. பிறப்புச் சான்று இல்லையென்று பிள்ளையைத் திருப்பி அனுப்பக்கூடாது என்கிறது 14-ஆவது பிரிவு. ஊரிலிருந்து மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமானாலும் அரசுப் பள்ளி சேர்க்க மறுக்கக்கூடாது. பள்ளியில் பிள்ளையை அடிக்கவும் கூடாது. தருமபுரியிலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் பாதி ஆண்டில் வந்திறங்கும் குடும்பங்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

இந்தக் கண்டோன்மென்ட்டில் 1873-லேயே ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கியவர் ஆற்காடு நாராயணசாமி முதலியார். அவர் தம் செல்வத்தைக் கொடுத்தார். நம்மிடம் செல்வம் இல்லை, எண்ணிக்கை இருக்கிறது. தெருவுக்கு ஒரு தாய் நிர்வாகக் குழுவில் அமரட்டும். அவள் கூட்டத்துக்குப் போகும் நாளின் கூலியை மற்ற வீடுகள் பகிர்ந்து கொடுக்கட்டும். பகலில் பள்ளி, மாலையில் தமிழ், குழுவில் நம் குரல் என்று முடிவெடுப்போம். இந்த ஆண்டு அல்சூரில் ஒரு பிள்ளைகூட, குறிப்பாக ஒரு பெண்பிள்ளைகூட, பூட்டிய அறைக்குள் இருக்கக்கூடாது.