பணிமேசையும் எழுதுமேசையும்



அறிவியல் புனைவு எழுதப் பிழைப்பைத் துறக்க வேண்டியதில்லை. சுஜாதா என நாம் அறிந்த ரங்கராஜன் (1935–2008) பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளர்; மின்னணு வாக்குப்பதிவு இயந்திர உருவாக்கத்தில் பங்கேற்றவர். பகலில் கருவிகளோடு பழகியவரே, எஞ்சிய நேரத்தில் ‘என் இனிய இயந்திரா’ புதினத்தில் ஜீனோ என்னும் இயந்திர நாயைப் படைத்தார். அந்நாய் தமிழில் பேசியது.

சிம்பாங் பூலாயின் சுண்ணாம்புக் குன்றுகளை நாம் நாள்தோறும் காண்கிறோம். மழைநீர் அப்பாறையைக் கரைத்துக் குகையாக்குவதைத் தேர்வுக்குப் படிக்கிறோம், கதையாக்கத் தயங்குகிறோம். இத்தயக்கம் நீடித்தால், வருங்காலத்தைக் கற்பனை செய்யும் உரிமை பிறமொழிகளுக்கே போய்விடும். ஆகவே, மாணவர்களாகிய நீங்கள் வாரம் ஒரு பக்கமேனும் எழுதுங்கள். ஆசிரியர்களாகிய நாங்கள் முதல் வாசகர்களாக இருப்போம்.