கார்பன் ஷீட் அறாது, உரிஞ்சு வந்துடும்

அரியலூர் பக்கம் போனவங்களுக்குத் தெரியும், ரோட்டுல எந்நேரமும் சுண்ணாம்புக்கல் லாரி ஓடும். ஒரு காலத்துல கடல் இருந்த இடம். அந்தக் கல்லுதான் இன்னைக்கு சிமென்ட். ஆனா எவ்வளவு நல்ல சிமென்ட் போட்டாலும் கான்கிரீட்டுக்கு ஒரு குணம் மாறாது: அழுத்தினா தாங்கும், இழுத்தா விட்டுடும். இழுவைல அதோட பலம் சுமார் பத்துல ஒரு பங்குதான். அதனாலதான் பீமோட அடியில கம்பி.

பெரம்பலூர்ல என் மாமா வீட்டு மேல இன்னொரு மாடி எடுக்கணும். "பீமுக்கு அடியில கார்பன் ஷீட் ஒட்டிடலாம் சார், இரும்பை விட ஸ்ட்ராங்"னு ஒரு கான்ட்ராக்டர் சொல்லியிருக்காரு. அது பொய் இல்ல. ஸ்விட்சர்லாந்துல இபாக் பாலத்தை 1991-ல இப்படித்தான் சரிபண்ணாங்க: 175 கிலோ இரும்புத் தகடு வேண்டிய இடத்துல 6.2 கிலோ கார்பன் தகடு!

ஆனா ஷீட் ஸ்ட்ராங்கா இருந்து என்ன, அதைப் பிடிச்சுக்கிட்டு இருக்கறது யாரு? எபாக்சி பசை கான்கிரீட்டை விட பலமானது. அதனால பசை விடாது; கான்கிரீட்டோட மேல்தோல்தான் ஷீட்டோட சேர்ந்து பிய்ஞ்சு வரும், அதுவும் முன்னறிவிப்பு இல்லாம. பல சமயம் ஷீட்டோட பலத்துல பாதியைக் கூட நாம பயன்படுத்தியிருக்க மாட்டோம். நீளமா ஒட்டினா சரியாகுமா? ஓரளவுக்குத்தான். அதுக்கு மேல நீளம் கூட்டினாலும் பிடிமானம் கூடாது.

இங்கதான் ஆங்கர் வருது. பீமைச் சுத்தி முழுசா கட்ட முடியாது, மேல ஸ்லாப் இருக்கே! அதனால ஷீட்டோட முனைகள்ல யூ வடிவத்துல இன்னொரு பட்டை போடுவாங்க. பீமோட கூர்மையான மூலையை முதல்ல மழுக்கணும், இல்லன்னா அதுவே இழையை அறுத்துடும். இன்னொரு வழி எனக்கு ரொம்பப் பிடிச்சது: கார்பன் இழைக்கட்டு ஒண்ணோட ஒரு பாதியைத் துளை போட்டு எபாக்சில புதைச்சு, மறுபாதியை விசிறி மாதிரி விரிச்சு ஷீட் மேல ஒட்டுவாங்க. பார்க்க நம்ம வீட்டு விளக்குமாறு மாதிரியே இருக்கும்.

உள்ள கம்பி துருப்பிடிச்சு கான்கிரீட் ஏற்கெனவே பொருக்கு விட்டிருந்தா, எந்த ஆங்கரும் வேலைக்கு ஆகாது. முதல்ல அதைச் சரிபண்ணணும். அப்புறம் தீ. எபாக்சி சூட்டுல சீக்கிரமே இளகிடும். அதனால அமெரிக்க ஏசிஐ 440 வழிகாட்டி ஒரு நிபந்தனை வைக்குது: ஷீட் மொத்தமா போனாலும் பீம் ஒரு குறிப்பிட்ட சுமையைத் தனியா தாங்கணும். கான்ட்ராக்டர்கிட்ட ஷீட் எத்தனை லேயர்னு கேக்கறதுக்கு முன்னாடி, "இது இல்லாம பீம் நிக்குமா, கணக்கு எங்க?"ன்னு கேளுங்க.