நடுங்கும் விளிம்பு
சித்திரப்படக் கலைஞர் மாக்ஸ் பிளைஷர் 1917ஆம் ஆண்டில் ரோட்டோஸ்கோப் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். ஓடும் படத்திலுள்ள உருவத்தைச் சட்டம் சட்டமாக வரைந்தெடுப்பதே அதன் தொழில். இன்று மாணவன் அதனைக் கணினியிற் செய்து, நடிகனை வேறொரு காட்சியிற் பொருத்துகின்றான்.

வினாடிக்கு 24 சட்டங்களாயின், 10 வினாடிக்கு 240. அத்தனையையும் தனித்தனியே வரைந்தால் இரவுகள் கழியும், விளிம்போ நடுங்கும். தலை, கை, உடல் ஆகியவற்றுக்கு வெவ்வேறு எல்லைக்கோடு வரைந்து, அசைவு திரும்பும் இடங்களில் முதலிற் குறித்தல் வேண்டும். இடைப்பட்டவற்றைக் கணினி நிரப்பும். பிசகிய இடத்தை மட்டும் திருத்தினாற் போதும்.

விரைந்து வீசிய கையின் விளிம்பு மங்கலாகவே இருத்தல் வேண்டும். கூராக வெட்டினால் ஒட்டிய காகிதம்போலத் தோன்றும். பழைய பின்னணியின் நிறம் ஓரத்தில் எஞ்சினால், கோட்டைச் சற்றே உள்ளே தள்ளுதல் நன்று. விளிம்பிலே கண் சென்றால், கதையிலே மனம் செல்லாது.