குழலும் கட்டையும்



எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பது நம்முடைய பழமொழி. நீதிமன்றத்தில் இது பொருந்தலாம். ரைபிள் துப்பாக்கிக்கு முழுவதும் பொருந்தாது. எய்தவன் கை சிறிதும் நடுங்காதிருந்தும் குண்டு வழி தவறுவது உண்டு. அவ்விதம் தவறும்போது குற்றம் குழலுடையதாகவோ குண்டினுடையதாகவோ இல்லாமல், குழலைத் தாங்கி நிற்கும் மரக்கட்டையினுடையதாக இருப்பதைப் பல சமயங்களில் காணலாம். அந்தக் கட்டையைப் பற்றியே இன்று சில சொல்ல விரும்புகிறேன்.

1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் நம் நாட்டில் பொழுதுபோக்குக்காக வேட்டையாடும் வழக்கம் ஒழிந்தது, அது நன்மையே. எனினும், மனித உயிருக்கு ஆபத்தாகிவிட்ட விலங்கை, உரிய அதிகாரியின் எழுத்து மூலமான ஆணையின்பேரில் கொல்ல நேரும் நிலை இன்றும் உண்டு. அந்நிலையில் குறி பிசகினால் விளைவது என்ன?

குமாவோன் மலைநாட்டுச் சம்பாவத்தில் 1907ஆம் ஆண்டு ஜிம் கார்பெட் கொன்ற பெண்புலி, நேபாளத்திலும் குமாவோனிலுமாக நானூறுக்கும் மேற்பட்ட மக்களைக் கொன்றது என்பது கணக்கு. அதன் வாயின் வலப்புறத்துக் கோரைப் பற்கள், மேலும் கீழும், உடைந்திருந்தன. முன்னர் எவரோ சுட்ட குண்டின் காயத்தால் இயல்பான இரையைக் கொல்ல இயலாமற்போய் அது மனிதரை நாடியது என்பது கார்பெட்டின் முடிவு. குறி பிசகிய ஒரு குண்டு எத்தனை குடும்பங்களைக் குலைத்தது, பாருங்கள்! அந்த வேட்டையின் இறுதியில் கார்பெட்டின் சொந்தத் தோட்டாக்கள் தீர்ந்துபோயின. தாசில்தாரிடம் இரவல் வாங்கிய துப்பாக்கியால் இருபது அடி தூரத்தில் புலியின் திறந்த வாயைக் குறிபார்த்துச் சுட்டார். குண்டோ அதன் பாதத்தில் பட்டது. அத்துப்பாக்கியின் உறுப்புகள் ஒன்றோடொன்று சரிவரப் பொருந்தாமல் இடைவெளி விட்டிருந்தன. தம் உடல் அசைந்ததோ, துப்பாக்கிதான் பிசகியதோ என்று அவராலேயே தீர்மானிக்க முடியவில்லை.

கையின் பிழையா, கருவியின் பிழையா என்னும் இக்கேள்விக்குள் இரண்டு பொருத்தங்கள் அடங்கியுள்ளன. ஒன்று, கட்டைக்கும் மனிதனுக்கும் உள்ள பொருத்தம். மற்றொன்று, கட்டைக்கும் குழலுக்கும் உள்ள பொருத்தம்.

முதலாவதை நம் உழவர் நன்கறிவர். மேழி உழுகிறவன் உயரத்துக்கு ஒத்திராவிட்டால் சால் கோணும். துப்பாக்கியின் அடிமட்டை நீளமாயிருந்தால் தோளில் ஏற்றும்போது சட்டையில் சிக்கும். குட்டையாயிருந்தால் உதைப்பில் கட்டைவிரல் மூக்கில் இடிக்கும். இதை உணர்ந்தே, நம் போலீசார் தோளில் நெடுங்காலம் தொங்கிய .303 ரைபிளுக்கு அடிமட்டையைப் பல நீளங்களில் செய்தனர். நடுத்தர அளவுக்கு அரை அங்குலம் கூடியது ஒன்று, அரை அங்குலம் குறைந்தது ஒன்று, ஓர் அங்குலம் குறைந்தது ஒன்று.

நீளத்தினும் முக்கியமானது கன்னம் படியும் இடம். ஒவ்வொரு முறையும் கன்னம் ஒரே இடத்தில் படிந்தால்தான் கண்ணும் ஒரே இடத்தில் நிற்கும். முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே அரை மீட்டர் தூரம் என்று கொள்வோம். பார்வை விலகி முன்குறி ஒரு மில்லிமீட்டர் பிசகினால், நூறு மீட்டர் தொலைவில் குண்டு 20 சென்டிமீட்டர் விலகும். ஏறக்குறைய ஒரு சாண்! உயிர்நிலையில் பட வேண்டிய குண்டு வயிற்றில் பட இந்த ஒரு சாண் போதும். இரும்புக் குறிகளுக்கென்று செய்த தாழ்ந்த கட்டையின்மேல் தொலைநோக்கியைப் பொருத்துவோர், கன்னம் அந்தரத்தில் நிற்கச் சுடுவது இக்காரணத்தால் தவறாகும்.

கடலூரில் பிறந்து, அகமதாபாத்தில் வளர்ந்து, 2019இல் ரியோவில் உலகக் கோப்பைத் தங்கம் வென்ற இளவேனில் வாலறிவன் போன்றோர் பத்து மீட்டர் போட்டியில் குறிவைக்கும் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டரே. அப்போட்டித் துப்பாக்கிகளில் கன்னக்கட்டையையும் தோள்தகட்டையும் உடலுக்கேற்பத் திருகி அமைத்துக்கொள்ளும் வசதி இருப்பது அலங்காரத்துக்கன்று.

இனி இரண்டாவது பொருத்தத்துக்கு வருவோம். வெடித்தவுடன் குண்டு குழலைவிட்டு வெளியேற, விநாடியில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கே ஆகிறது. அதற்குள் குழல், தட்டிய மணிபோல் அதிர்கிறது. மணியை விரலால் தொட்டால் நாதம் மாறுவதுபோல், குழலை மரம் ஒருபக்கம் தொட்டால் அதிர்வு மாறுகிறது. அது மட்டுமன்று. சுடச்சுடக் குழல் காய்ந்து, தொட்ட பக்கத்தில் மரத்தை நெருக்குகிறது. குண்டுகள் படிப்படியாக ஒரு திசையில் ஒதுங்குகின்றன. மழைக்காலத்தில் கதவு நிலையோடு இறுகிக்கொள்வதை மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் நேயர்கள் ஆண்டுதோறும் காண்கிறீர்கள். மரம் ஈரத்தால் இழையின் குறுக்கே பருப்பதே அதற்குக் காரணம். துப்பாக்கிக் கட்டையும் மரந்தானே! கோடையில் சரிபார்த்த குறி ஆடியில் பொய்ப்பது இதனால்தான்.

இதற்குத் தீர்வு இரண்டு வகை. கொல்கத்தாவுக்கு வடக்கே இச்சாப்பூரில் செய்த பழைய .303 ரைபிளில், முனையருகே ஒரு சிறு சுருள்வில் குழலை அளவோடு மேல்நோக்கி அழுத்தும். முன்கட்டை பிளவாதிருக்க அங்குள்ள தொழிலாளர் குறுக்கே ஒரு திருகையும் சேர்த்தனர். மற்றொரு வகை, குழல் எங்கும் மரத்தைத் தொடாதவாறு இடம்விட்டுச் செதுக்குவது. முறைகள் வேறாயினும் கொள்கை ஒன்றே: முதல் குண்டுக்கு இருந்த நிலையே பத்தாவது குண்டுக்கும் இருத்தல் வேண்டும்.

குழலைத் தொடாது விடலாம். குழலின் அடியிலுள்ள இயந்திரப் பகுதியையோ அசையாது இருத்த வேண்டும். உதைப்பை மரத்துக்குக் கடத்தும் முனைப்பு தன் பள்ளத்தில் இறுக அமர வேண்டும். அதற்காக மரத்தைச் சிறிது அகழ்ந்து, எப்பாக்சிப் பசையை நிரப்பி, எஃகின்மேல் ஒட்டாதிருக்க மெழுகு பூசி இருத்தினால், பசை எஃகின் வடிவத்தை அப்படியே ஏற்று இறுகிவிடும். திருகுகள் மரத்தை நசுக்காதிருக்க, அவற்றைச் சுற்றி உலோகக் குழாய்த் துண்டுகள் பதிப்பதும் உண்டு.

பிழை எங்கே என்று அறிவது எப்படி? குழல் சூடாகும்தோறும் குண்டுகள் ஒரே திசையில் நகர்ந்தால் மரம் குழலைத் தொடுகிறதா என்று பாருங்கள். தொடாதவாறு செதுக்கிய கட்டையாயின், வெறுந்துப்பாக்கியில் ஒரு காகிதத்தைக் குழலுக்கும் கட்டைக்கும் இடையே இழுத்தால் தடையின்றி ஓட வேண்டும். காரணமின்றிக் குண்டுகள் நாற்புறமும் சிதறினால் முதலில் திருகுகளைச் சோதியுங்கள். ஒரே துப்பாக்கி ஒருவருக்கு ஓரிடத்திலும் மற்றவருக்கு வேறிடத்திலும் சுட்டால், அவரவர் கன்னமும் கண்ணும் படியும் விதத்தைக் கவனியுங்கள். மரத்தில் உளி வைப்பதை மட்டும் உரிமம் பெற்ற துப்பாக்கித் தொழிலாளியிடம் விட்டுவிடுங்கள். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும் அதையே விதிக்கிறது.

ஓர் உயிரைக் கொல்லும் கடமை ஒருவர்மேல் விழுமாயின், அதைத் துன்புறுத்தாது ஒரே குண்டில் முடிப்பது அக்கடமையின் பாதி. அந்தப் பாதி காட்டில் தொடங்குவதன்று. திருகுகளை முடுக்கி, காகிதத்தை இழுத்துப் பார்த்து, மழைக்காலம் வந்ததும் குறியை மீண்டும் சரிபார்க்கும் பொறுமையில்தான் அது தொடங்குகிறது.