நிலமும் ஓர் அமானிதமே

புகழனைத்தும் ஏக இறைவனுக்கே உரியது. அவனுடைய இறுதித் தூதர் முஹம்மது நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக!



பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியாகும் மே மாதத்தில் நம் இல்லங்களில் ஒரே பேச்சுத்தான். பொறியியலா, மருத்துவமா, அல்லது ஒரு பட்டயப் படிப்பை முடித்துவிட்டு வளைகுடாவுக்கு விமானம் ஏறுவதா? இந்த நேரத்தில் ஒரு மகனோ மகளோ, "வாப்பா, நான் வேளாண்மை படிக்கப் போகிறேன்" என்று சொன்னால் அந்த வீடே திகைத்துப் போகிறது. "மண்ணை மிதிக்காமல் இருக்கத்தானே உன்னைப் படிக்க வைத்தோம்?" என்று கேட்கின்ற பெற்றோர் நம்மில் ஏராளம்.

அந்தப் பிள்ளையின் விருப்பத்தை உடனே தள்ளிவிடாதீர்கள். அதே வேளையில், இரண்டு ஏக்கர் நிலம் குடும்பத்தைக் காப்பாற்றிவிடும் என்ற பொய்யான நம்பிக்கையையும் அதற்கு ஊட்டிவிடாதீர்கள். இவ்விரண்டையும் சேர்த்துச் சொல்வதற்காகவே இந்த உரை.

மதீனாவின் அன்சாரித் தோழர்கள் பேரீச்சந்தோட்டக்காரர்கள். ஆண் பாளையின் மகரந்தத்தை எடுத்துப் பெண் பாளையில் சேர்ப்பது அவர்களது வழக்கம். மக்காவின் வணிகச் சூழலில் வளர்ந்த நபி (ஸல்) அவர்கள் இதனைக் கண்டு, இதனால் பயனிருக்கும் என்று தமக்குத் தோன்றவில்லை என்ற கருத்தில் கூறினார்கள். தோழர்கள் அவ்வழக்கத்தைக் கைவிட்டனர். அவ்வாண்டு காய்ப்புக் குறைந்தது. செய்தி எட்டியபோது, அது தமது சொந்த எண்ணம்தான் என்றும், இத்தகைய உலகக் காரியங்களை அவற்றில் பழகியவர்களே நன்கறிவர் என்றும் நபியவர்கள் தெளிவுபடுத்தினார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெறும் இந்நிகழ்ச்சியைச் சற்றே சிந்தியுங்கள். பயிர்த்தொழிலுக்கென்று தனி அறிவு உண்டு. அதைக் கற்றவரிடமிருந்தே பெற வேண்டும். படிப்பு வராதவன் செய்யும் வேலை விவசாயம் என்ற எண்ணம் நமக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, நம் மார்க்கத்திலிருந்து வரவில்லை.

இனி உண்மை நிலவரத்துக்கு வருவோம். இரண்டரை ஏக்கருக்கு உட்பட்டவரைக் குறு விவசாயி என்றும், அதற்கு மேல் ஐந்து ஏக்கர் வரை உள்ளவரைச் சிறு விவசாயி என்றும் அரசு வகைப்படுத்துகிறது. 1970-71இல் இந்தியாவில் ஒரு பண்ணையின் சராசரிப் பரப்பு 2.28 ஹெக்டேர். 2015-16ஆம் ஆண்டு வேளாண் கணக்கெடுப்பில் அது 1.08 ஹெக்டேராகச் சுருங்கியது, தமிழ்நாட்டிலோ 0.75 ஹெக்டேர், அதாவது இரண்டு ஏக்கருக்கும் குறைவு.

இந்த இரண்டு ஏக்கரில் நெல் மட்டும் போட்டால் என்ன மிஞ்சும்? ஏக்கருக்கு 25 குவிண்டால் கண்டால் அது நல்ல மகசூல். 2024-25ஆம் ஆண்டுக்கு மத்திய அரசு அறிவித்த சாதாரண நெல்லின் ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,300 ரூபாய். கணக்கிட்டால் ஏக்கருக்கு 57,500 ரூபாய். உழவு, நாற்று, நடவு, களை, உரம், அறுவடை இயந்திர வாடகை என்று இதில் பாதிக்கு மேல் போய்விடும். நேரடிக் கொள்முதல் நிலையத்தில் குவித்த நெல் மழையில் நனைந்தால் மிச்சமும் கேள்விக்குறிதான். மேட்டூர் அணை ஜூன் 12இல் திறக்குமா என்று வானத்தையும் கர்நாடகத்தையும் பார்த்திருக்கும் டெல்டா மக்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

அப்படியானால் படித்து என்ன பயன் என்று கேட்பீர்கள். 2018 நவம்பர் 16ஆம் நாள் கஜா புயல் கரையைக் கடந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, அதிராம்பட்டினம், முத்துப்பேட்டைப் பகுதிகளில் தலைமுறை தலைமுறையாக நின்ற தென்னைகள் ஓர் இரவில் சாய்ந்தன. புதிதாக நட்ட நெட்டைத் தென்னை காய்க்க ஆறேழு ஆண்டுகள் ஆகும். அதுவரை அந்த நிலத்தில் எதை ஊடுபயிராக இடுவது? நெட்டையா, குட்டையா, வீரிய ஒட்டா? சாய்ந்த மரங்களில் பெருகும் காண்டாமிருக வண்டைக் கட்டுப்படுத்துவது எப்படி? வேப்பங்குளத்தில் தென்னை ஆராய்ச்சி நிலையம் பக்கத்திலேயே இருந்தும், அதன் வாசலைத் தாண்டியவர்கள் நம்மில் எத்தனை பேர்? மறுமை நாள் நெருங்கிவிட்டாலும் கையிலுள்ள கன்றை நட்டுவிடுமாறு போதித்த நபியின் உம்மத் நாம். நடுவதற்கு மனம் வேண்டும். எதை, எப்போது, எந்த இடைவெளியில் நடுவது என்பதற்குப் படிப்பு வேண்டும்.

சிறு பண்ணை பிழைப்பது ஒரே பயிரால் அன்று. ஆடு, கோழி, தென்னைக்குள் வாழை, கோகோ, காய்கறி என்று வருமானம் பல வாசல்களில் வர வேண்டும். சிறு, குறு விவசாயிகள் சொட்டுநீர்ப் பாசனம் அமைக்கத் தமிழக அரசு 100 சதவீத மானியம் வழங்குகிறது. 1999இல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தைகள் தரகரின்றி விற்க வழிசெய்தன. தஞ்சையிலேயே உணவுப் பதப்படுத்தும் தொழில்நுட்பத்துக்கென்று மத்திய அரசின் கல்வி நிறுவனம் இருக்கிறது. தேங்காயாக விற்பதற்கும் எண்ணெயாக்கி விற்பதற்கும் உள்ள வேறுபாட்டை வணிகத்தில் ஊறிய நம் சமுதாயத்துக்கு யாரும் கற்றுத்தர வேண்டுமா என்ன?

கோவையில் 1971 முதல் இயங்கும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்துக்கு மதுரை, திருச்சி, கிள்ளிகுளம், ஈச்சங்கோட்டை ஆகிய இடங்களிலும் கல்லூரிகள் உள்ளன. நான்காண்டுப் பட்டப்படிப்பு, மாநிலச் சேர்க்கை பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணைக் கொண்டே நடக்கிறது, நீட் தேர்வு கிடையாது. முஸ்லிம்களுக்கான 3.5 சதவீத உள் ஒதுக்கீடும் உண்டு. படித்தவர் அரசின் வேளாண்மைத் துறையிலும், விதை நிறுவனங்களிலும், ஆராய்ச்சியிலும் பணிக்குச் செல்லலாம். பட்டம் வாங்கியவுடன் வயலில் இறங்கு என்று பிள்ளையை நெருக்காதீர்கள். சில ஆண்டுகள் சம்பளத்துக்கு உழைத்து, அனுபவமும் சேமிப்பும் பெற்ற பின் சொந்த நிலத்துக்குத் திரும்புவதே பாதுகாப்பு. பெண் பிள்ளை கேட்டாலும் இதே பதில்தான்.

நிலம் துண்டாகிறது என்று வருந்துவோர், அதையே காரணம் காட்டிச் சகோதரிகளின் பங்கை விழுங்குவதைக் காண்கிறோம். "நகை போட்டுக் கட்டிக் கொடுத்தாயிற்று, வயலில் என்ன பங்கு?" என்ற பேச்சு ஹராமான பேச்சு. 1937ஆம் ஆண்டு ஷரீஅத் சட்டம் விவசாய நிலத்தை விட்டுவைத்திருந்தது. 1949இல் சென்னை மாகாணம் திருத்தம் செய்து அதையும் சேர்த்தது. ஆகவே மார்க்கத்தாலும் சட்டத்தாலும் அப்பங்கு அவர்களுக்குரியது. வயல் சிதறக்கூடாது என்றால் பங்கை எழுதிக் கொடுத்துவிட்டுச் சேர்ந்து பயிரிடுங்கள். ஒருவர் உழைக்க, மற்றவர் விளைச்சலில் பங்கு பெறலாம். கைபர் நிலங்களை விளைச்சலில் பாதி என்ற உடன்பாட்டில் நபி (ஸல்) அவர்கள் பயிரிடக் கொடுத்தது நமக்கு ஆதாரம்.

குத்தகைக்கு விட்டால் நிலம் திரும்பாது என்று அஞ்சி, கருவேலம் மண்ட விட்டுவிட்டுத் துபாயிலும் சிங்கப்பூரிலும் இருப்போர் பலர். அவர்களது அச்சம் முற்றிலும் ஆதாரமற்றதன்று. 1955ஆம் ஆண்டு முதல் குத்தகைதாரருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. எனினும், நிலம் உடையவர் தாமே பயிரிடட்டும், இயலாவிடில் தம் சகோதரருக்குக் கொடுக்கட்டும் என்ற நபிமொழிக் கருத்தின் முன் நாம் என்ன பதில் சொல்வோம்? குடும்பத்திலேயே வேளாண்மை படித்த ஒரு பிள்ளை இருந்தால் அந்த அச்சத்துக்கே இடமில்லை.

விளைச்சலுக்கும் ஜகாத் உண்டு என்பதைப் பலர் மறந்துவிட்டனர். மழையாலோ தானாகப் பாயும் ஆற்று நீராலோ விளைந்தால் பத்தில் ஒரு பங்கு. செலவு செய்து இறைத்துப் பாய்ச்சினால் இருபதில் ஒரு பங்கு. ஐந்து வஸக்கு அளவை எட்ட வேண்டும் என்பது ஷாஃபிஈ மத்ஹபின் நிலை. குறைவாயினும் உண்டு என்பது இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் நிலை. வாய்க்கால் நீரும் மோட்டார் நீரும் கலந்து பாய்ச்சுவோர் அறுவடைக்கு முன்பே உங்கள் மஹல்லா ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

நம் நிலங்களுக்குப் பருவமழையையும், அவற்றில் உழைப்போருக்குப் பரக்கத்தையும் வல்ல அல்லாஹ் தந்தருள்வானாக! ஆமீன்.